விலை = விலை + 50: பெறுமானம் இடும் குறிகளை விளங்கிக்கொள்ளல்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று கடலோரம் நெடுகிலும் க.பொ.த. உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் மாணவர் பலர், நிரலாக்கத்தின் தொடக்கப் பாடங்களிலேயே ஒரு வரியில் இடறி நிற்பதுண்டு.

விலை = விலை + 50

"ஸேர், ஒரு எண்ணும் அதோட அம்பதக் கூட்டின எண்ணும் எப்படிச் சமனாகும்?" என்று பின்வாங்கிலிலிருந்து ஒரு குரல் வரும். கேட்பவர் பெரும்பாலும் கணிதத்தில் கெட்டிக்காரராகவே இருப்பார். கேள்வியில் பிழையே இல்லை. இரு பக்கத்திலும் விலையைக் கழித்தால் 0 = 50 என்று மிஞ்சும்; எந்தக் கணித ஆசிரியரும் அதற்குப் புள்ளி தரமாட்டார். ஆனால் இதே வரி, கடைக் கணக்கு முதல் வங்கிக் கணக்கு வரை உலகின் பெரும்பாலான நிரல்களுக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் ஆசிரியர் "அது அப்படித்தான், பாடமாக்கு" என்று சொல்லிக் கடந்துவிட்டால், அந்த மாணவர் அதற்குப் பிறகு வரும் எல்லாவற்றையும் பாடமாக்கவே முயல்வார். பத்து நிமிடம் நின்று விளக்கினால் பாதி நிரலாக்கம் அங்கேயே பிடிபட்டுவிடும்.

குறி செய்யும் வேலை

கணிதத்தில் சமன் குறி ஓர் உண்மையைச் சொல்கிறது: இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்று. பைதன் நிரலில் அதே குறி கணினிக்கு ஒரு வேலை கொடுக்கிறது. அந்த வேலை இரண்டு படியில் நடக்கிறது. முதலில் குறியின் வலப்பக்கத்தில் உள்ளதை முழுதாகக் கணித்து முடிக்க வேண்டும். பிறகு, வந்த விடையை இடப்பக்கத்தில் உள்ள பெயருக்குக் கொடுக்க வேண்டும். இந்த ஒழுங்கு எப்போதும் மாறாது.

விலை = 450
விலை = விலை + 50

இரண்டாவது வரிக்கு வரும்போது கணினி வலப்பக்கத்தைப் பார்க்கிறது. விலை இப்போது 450. அதனுடன் 50 கூட்டினால் 500. அந்த 500 இப்போது விலை என்ற பெயருக்குப் போகிறது. பழைய 450 போய்விட்டது. கல்முனைச் சந்தையில் மரக்கறிக் கடைக்காரர் பலகையில் இருந்த காலை விலையை அழித்துவிட்டு மாலை விலையை எழுதுவது போலத்தான். அழித்த எண்ணைப் பலகை நினைவில் வைத்திருப்பதில்லை. பழைய விலையும் தேவை என்றால், அழிப்பதற்கு முன் அதை வேறொரு பெயரில் எழுதி வைக்க வேண்டும்.

இடப்பக்கம் ஒரு பெயராக இருக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே விளங்கும். 450 = விலை என்று எழுதினால் பைதன் ஏற்காது. கணிதத்தில் பக்கம் மாற்றலாம்; இங்கே முடியாது, ஏனென்றால் 450 என்ற எண்ணுக்குள் எதையும் இட வழியில்லை.

மேலேயுள்ள வரிகளில் மாறிகளின் பெயர்கள் தமிழில் இருப்பது வாசிப்பு வசதிக்காக மட்டுமல்ல. 2008 டிசம்பரில் வெளியான பைதன் 3.0 முதல் மாறிகளுக்குத் தமிழ் எழுத்தில் பெயர் வைக்கலாம். இந்த வரிகளை அப்படியே தட்டெழுதினாலும் ஓடும். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற நிரல்மொழியில் கட்டளைச் சொற்களே தமிழில் இருக்கின்றன. பெறுமானம் இட அங்கும் ஒற்றைச் சமன் குறிதான். பரீட்சை வினாத்தாளில் மட்டும், தமிழ்மொழி மூலமாக இருந்தாலும், நிரல்கள் ஆங்கில எழுத்தில் வரும் என்பதை மாணவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாஸ்கலிலிருந்து பைதனுக்கு

இலங்கை மாணவருக்கு இந்தக் குறி கூடுதல் குழப்பம் தருவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. சாதாரண தரத்தில் அவர் படித்தது பாஸ்கல். உயர்தரத்தில் படிப்பது பைதன். இரண்டிலும் குறிகள் வேறு.

பாஸ்கலில் பெறுமானம் இட := என்று, முக்காற்புள்ளியும் சமனும் சேர்த்து எழுத வேண்டும். இரண்டு பெறுமானங்கள் சமனா என்று ஒப்பிட ஒற்றைச் சமன் = போதும். பைதனில் பெறுமானம் இட ஒற்றைச் சமன் =; ஒப்பிட இரட்டைச் சமன் ==. அதாவது சாதாரண தரத்தில் ஒப்பிடுவதற்குப் பழகிய அதே குறி, உயர்தரத்தில் பெறுமானம் இடும் குறியாகிவிடுகிறது. ஒரு வழக்கத்தில் எழுதிப் பழகிய கை, மாற நாள் எடுக்கும்.

இந்த வேறுபாடு எப்படி வந்தது என்று தெரிந்தால் குழப்பம் குறையும். 1957-இல் ஜோன் பக்கஸ் தலைமையில் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழி, பெறுமானம் இட ஒற்றைச் சமனையே எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஐரோப்பிய, அமெரிக்க அறிஞர்கள் கூடி வடிவமைத்த அல்கோல் மொழி := என்ற தனிக்குறியைக் கொண்டுவந்தது; இடுவது வேறு, ஒப்பிடுவது வேறு என்பது கண்ணுக்கே தெரிய வேண்டும் என்ற கவனம் அதில் இருந்தது. அதே சூரிக்கில் பேராசிரியர் நிக்லாஸ் விர்த், மாணவருக்கு நிரலாக்கம் கற்பிக்கவென்றே 1970-இல் வெளியிட்ட பாஸ்கல், அல்கோலின் குறியை அப்படியே வைத்துக்கொண்டது.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தாம்சன் பி என்ற மொழியை எழுதியபோது மறுபக்கம் சாய்ந்தார். நிரல்களில் ஒப்பிடுவதைவிடப் பெறுமானம் இடுவது ஏறத்தாழ இரு மடங்கு அதிகம் வருகிறது, ஆகவே அதன் குறி பாதி நீளமாக இருப்பது பொருத்தம் என்பது அவருடைய காரணம். பி மொழியிலிருந்து டெனிஸ் ரிச்சியின் சி மொழி பிறந்தது. சி மொழியின் வழக்கத்தை ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் பைதனும் எடுத்துக்கொண்டன. கல்முனை மாணவர் ஒருவர் சாதாரண தரத்திலிருந்து உயர்தரத்துக்கு ஏறும்போது, சூரிக்கின் மரபிலிருந்து பெல் ஆய்வுகூடத்தின் மரபுக்கு மாறுகிறார்.

பாஸ்கலில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. மாறி முழு எண்ணுக்கா தசம எண்ணுக்கா என்று முதலிலேயே அறிவித்துவிட வேண்டும். சராசரி என்ற மாறியை முழு எண் என்று அறிவித்துவிட்டு,

சராசரி := மொத்தம் / 3;

என்று எழுதினால் தொகுப்பி மறுத்துவிடும். பாஸ்கலில் / குறி எப்போதும் தசம எண்ணையே தரும். தசம எண்ணை முழு எண் மாறியில் இட முடியாது. (பாஸ்கல் தமிழ்ப் பெயர்களை ஏற்காது, வாசிக்க இலகுவாக இங்கே தமிழில் தரப்பட்டுள்ளது.) பைதனில் முன்னறிவிப்பு தேவையில்லை. காலையில் எண் இருந்த பெயரில் மாலையில் சொல் இருக்கலாம். அந்தச் சுதந்திரத்தின் விலையைக் கீழே பார்க்கலாம்.

சுருக்கக் குறிகள்

மருதமுனையில் கைத்தறிச் சாரம் விற்கும் கடை ஒன்றின் இருப்புக் கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் பயிற்சிக்கானவை.

இருப்பு = 40
இருப்பு -= 15
இருப்பு += 30

முதலில் 40 சாரம். பதினைந்து விற்றதும் 25. தறியிலிருந்து முப்பது வந்ததும் 55. இருப்பு -= 15 என்பது இருப்பு = இருப்பு - 15 என்பதன் சுருக்கம். பெயரை இருமுறை எழுதும் வேலை மிச்சம். இரண்டாவது முறை எழுதும்போது எழுத்துப் பிழை விடும் ஆபத்தும் இல்லை.

கூட்டல், கழித்தலுக்கு உள்ளது போலவே பெருக்கலுக்கு *=, வகுத்தலுக்கு /=, முழு எண் வகுத்தலுக்கு //=, மீதிக்கு %=, அடுக்குக்கு **= என்று குறிகள் உண்டு. ஐம்பத்தைந்து சாரங்களை ஆறு ஆறாகப் பொதி கட்டினால், 55-ஐ வைத்திருக்கும் மாறி ஒன்றுக்கு //= 6 கொடுக்க 9 வரும்: ஒன்பது பொதி. அதே 55-க்கு %= 6 கொடுத்தால் 1 வரும்: கட்டாமல் மிஞ்சும் ஒரு சாரம். /= குறியில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 55-க்கு /= 5 கொடுத்தால் பைதன் 11 என்று தராமல் 11.0 என்று தரும். மீதியில்லாமல் வகுபட்டாலும் விடை தசம எண்தான். வெளியீடு என்ன என்று கேட்கும் வினாவில் 11 என்று எழுதியவருக்குப் புள்ளி போய்விடும்.

அடுத்த பொறி இது.

மீதி = 100
மீதி -= 30 - 10

100 - 30 - 10 என்று வாசித்து 60 என்று விடை எழுதுவோர் பலர். சரியான விடை 80. வலப்பக்கம் முதலில் முழுதாகக் கணிக்கப்படும் என்ற விதி இங்கேயும் மாறவில்லை: 30 - 10 முதலில் 20 ஆகிறது, பிறகு 100-இலிருந்து 20 கழிகிறது. சந்தேகம் வந்தால் வலப்பக்கம் முழுவதையும் அடைப்புக்குள் போட்டு வாசிக்க வேண்டும்.

குறிகளின் இடம் மாறினால் வரும் பிழை இன்னும் மறைவானது. கடன் -= 500 என்று எழுத நினைத்து, கடன் =- 500 என்று எழுதிவிட்டால் பைதன் எந்தப் பிழைச் செய்தியும் தராது. ஐந்நூறைக் கழிப்பதற்குப் பதில், கடனின் பெறுமானத்தையே -500 ஆக்கிவிட்டு அமைதியாக அடுத்த வரிக்குப் போகும். பி மொழியிலும் தொடக்க காலச் சி மொழியிலும் சுருக்கக் குறிகளை இப்படித்தான், =- என்று, சமனை முன்னால் வைத்து எழுதினார்கள். ஒரு மாறியில் -1 இடுவதா, அதிலிருந்து 1 கழிப்பதா என்ற மயக்கம் அதனால் எழுந்தது. 1976-இல் சி மொழியில் அந்த வரிசை திருத்தப்பட்டு -= ஆனது. பைதனுக்கு இந்தச் சுருக்கக் குறிகள் 2000-ஆம் ஆண்டு 2.0 பதிப்பில்தான் வந்து சேர்ந்தன. வரும்போதே திருத்திய வடிவில் வந்தன.

மொத்தம் கூட்டும்போது

சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலை. மூட்டைகள் ஒவ்வொன்றாகத் தராசில் ஏறுகின்றன: 62 கிலோ, 65 கிலோ, 58 கிலோ. மொத்தம் காண வேண்டும். மொத்தம் என்ற மாறிக்கு முதலில் 0 கொடுத்துவிட்டு, ஒவ்வொரு மூட்டைக்கும் மொத்தம் += எடை என்று மடக்குக்குள், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள், எழுதினால் 62, 127, 185 என்று வளர்ந்து சரியான விடையில் நிற்கும்.

மூன்று பிழைகள் இங்கே வழக்கமானவை. மொத்தம் = 0 என்ற வரியையே மறந்தால், பைதன் முதல் கூட்டலிலேயே அப்படியொரு பெயர் இல்லை என்று நின்றுவிடும்; வலப்பக்கம் கணிக்கப் பழைய பெறுமானம் வேண்டுமே. இது தொல்லையற்ற பிழை, உடனே தெரிந்துவிடும். அந்த வரியை மடக்குக்கு உள்ளே எழுதினால் ஒவ்வொரு மூட்டைக்கும் மொத்தம் மறுபடி சுழியமாகும். கடைசியில் கையில் இருப்பது கடைசி மூட்டையின் 58 மட்டுமே. நிரல் தடையில்லாமல் ஓடும், விடை மட்டும் தவறு.

மூன்றாவதுதான் பைதனின் சுதந்திரம் கேட்கும் விலை. பயனர் விசைப்பலகையில் தட்டியதை இன்புட் கட்டளை எண்ணாகத் தராது, எழுத்துக்கோவையாகத்தான் தரும்.

மொத்தம் = "62"
மொத்தம் += "65"

விடை 127 வராது, "6265" வரும். மேற்கோள்குறிக்குள் இருப்பவை எழுத்துகள். எழுத்துகளுக்கு + குறி ஒட்டும் வேலையைச் செய்கிறது. இரண்டு மூட்டைக்கு ஆறாயிரம் கிலோ என்று பற்றுச்சீட்டு அடித்தால் எந்தப் போடியாரும் கண்டுபிடித்துவிடுவார். ஆயிரம் பதிவுகளுக்கு நடுவே நடந்தால் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே உள்ளீட்டைப் பெற்ற கையோடு எண்ணாக மாற்றிவிட வேண்டும்.

ரூபாவும் சதமும் கணக்கிடுபவர் தசம எண்களிலும் கவனமாக இருக்க வேண்டும். தொகை = 0.1 என்று இட்டு, தொகை += 0.2 கொடுத்தால் பைதன் காட்டும் விடை 0.30000000000000004. கணினி இருமத்தில் எண்களைச் சேமிப்பதால் 0.1 போன்ற எண்ணைத் துல்லியமாக வைத்திருக்க முடிவதில்லை. காசைச் சதக் கணக்கில் முழு எண்ணாக வைத்துக் கூட்டி, கடைசியில் மட்டும் ரூபாவாக மாற்றுவது பாதுகாப்பான வழி.

வரிகளின் ஒழுங்கு

கரைவலைக்காரர் இருவரின் தோணிகளில் பட்ட மீன் எடை இரண்டு மாறிகளில் இருக்கிறது. பதிவில் எண்கள் இடம் மாறிவிட்டன, திருத்த வேண்டும்.

தோணி_1 = 120
தோணி_2 = 85
தோணி_1 = தோணி_2
தோணி_2 = தோணி_1

ஓடி முடிந்ததும் இரண்டிலும் 85. மூன்றாவது வரியிலேயே 120 அழிந்துவிட்டது. நான்காவது வரி எடுக்கப் போகும்போது அங்கே அது இல்லை. பாஸ்கலில் இதைத் தீர்க்கும் வழக்கமான முறை, மூன்றாவது மாறி ஒன்றில் 120-ஐ முதலில் பத்திரப்படுத்துவது. பைதனில் ஒரே வரி போதும்:

தோணி_1, தோணி_2 = தோணி_2, தோணி_1

வலப்பக்கத்தின் இரு பெறுமானங்களும் முதலில் எடுக்கப்படுகின்றன, பிறகுதான் இடப்பக்கப் பெயர்களுக்குப் போகின்றன. உயர்தரப் பாடத்தில் வரும் குமிழி வரிசைப்படுத்தலின் உயிரே இந்த இடமாற்றம்தான்.

ஒரு சமன் குறைந்தால்

இடுவதையும் ஒப்பிடுவதையும் மாற்றிப் போடுவது மாணவர் பிழை என்று நினைத்துவிடக் கூடாது. 2003 நவம்பரில், லினக்ஸ் இயக்குதளத்தின் மூல நிரல் பிரதி இருந்த ஒரு சேவையகத்துக்குள் யாரோ நுழைந்து இரண்டு வரிகளைச் செருகினார்கள். பார்ப்பதற்குச் சாதாரணச் சோதனை போலவே இருந்தது: பயனரின் அடையாள எண் 0 ஆ என்று ஒப்பிடுவது போல. லினக்ஸில் 0 என்பது எல்லா அதிகாரமும் உள்ள பயனருக்கான எண். ஆனால் அங்கே இரட்டைச் சமனுக்குப் பதில் ஒற்றைச் சமன் இருந்தது. ஒப்பிடுவதற்குப் பதில், பயனரின் எண்ணையே 0 ஆக்கிவிடும் வரி அது. நுழைந்தவருக்கு முழு அதிகாரமும் கிடைத்திருக்கும். அந்த மாற்றத்துக்கு முறையான அனுமதிப் பதிவு இல்லாததைப் பராமரிப்பாளர்கள் கவனித்ததால் அது பயனர்களைச் சென்றடையுமுன் நீக்கப்பட்டது. செய்தவர் யார் என்பது வெளிவரவே இல்லை.

சி மொழி இஃப் நிபந்தனைக்குள் ஒற்றைச் சமனை ஏற்றுக்கொள்வதால்தான் அது சாத்தியமானது. பைதன் அந்தக் கதவை மூடிவிட்டது: இஃப் வரியில் ஒற்றைச் சமன் வந்தால் நிரல் ஓடவே மறுக்கும். நிபந்தனைக்குள் பெறுமானம் இடுவது சில வேளை வசதி என்பதால், 2019-இல் வெளியான பைதன் 3.8-இல் அதற்கென்று := குறி தனியாகச் சேர்க்கப்பட்டது. பாஸ்கலில் பார்த்த அதே உருவம், வேறு வேலை. அதைச் சேர்ப்பது பற்றி எழுந்த விவாதம் கடுமையாக இருந்தது. குறி ஏற்கப்பட்ட கையோடு, 2018 ஜூலையில், பைதனை உருவாக்கிய கைடோ வான் ரோசம் மொழியின் இறுதி முடிவுகளை எடுக்கும் பொறுப்பிலிருந்தே விலகிக்கொண்டார். உயர்தர மாணவர் இக்குறியைப் பயன்படுத்த அவசியமில்லை. கண்டால் இன்னது என்று தெரிந்திருந்தால் போதும்.

பட்டியல்களில் நடப்பது

கடைசியாக ஒன்று, பல்கலைக்கழகம் வரை பலரையும் தொடரும் குழப்பம் இது. ஒலுவிலில் 1996 முதல் பல்கலைக்கழகமாக இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கணினி படிக்கப் போக நினைப்பவர் இப்போதே இதை விளங்கிக்கொள்வது நல்லது.

மீன்_1 = ["கீரி", "சூரை"]
மீன்_2 = மீன்_1
மீன்_2 += ["பாரை"]

மீன்_2-இல் மூன்று மீன்கள் இருக்கும். மீன்_1-இலும் மூன்று இருக்கும். அதை யாரும் தொடவில்லையே என்று மாணவர் திகைப்பார். இரண்டாவது வரி பட்டியலைப் பிரதி எடுக்கவில்லை. இருக்கும் ஒரே பட்டியலுக்கு இரண்டாவது பெயர் கொடுத்தது. மூன்றாவது வரி அந்தப் பட்டியலிலேயே பாரையைச் சேர்த்தது. இதே இடத்தில் மீன்_2 = மீன்_2 + ["பாரை"] என்று நீளமாக எழுதியிருந்தால் கதை வேறு: புதிய பட்டியல் ஒன்று உருவாகி மீன்_2 அதற்குப் பெயராகும்; மீன்_1 பழைய இரண்டு மீன்களோடு நிற்கும். எண்களில் ஒன்றாக இருக்கும் நீள வடிவும் சுருக்க வடிவும் பட்டியல்களில் ஒன்றல்ல. தனிப் பிரதி வேண்டுமானால் மீன்_2 = மீன்_1[:] என்று எழுதிப் பெற வேண்டும்.

பயிற்சி

கீழுள்ள நிரலைக் கணினியில் இடுமுன் கொப்பியில் இரண்டு நெடுவரிசைகள் கொண்ட அட்டவணை ஒன்று கீற வேண்டும்: ஒன்றின் தலைப்பு அ, மற்றதன் தலைப்பு ஆ. ஒவ்வொரு வரிக்கும் பிறகு இரண்டின் பெறுமானமும் என்ன என்று எழுத வேண்டும்.

அ = 7
ஆ = 3
அ += ஆ
ஆ = அ - ஆ
அ -= ஆ

கடைசி வரிக்குப் பிறகு அ 3 ஆகவும் ஆ 7 ஆகவும் இருந்தால், மூன்றாவது மாறி இல்லாமலே இரண்டு எண்களை இடம் மாற்றிவிட்டீர்கள். வேறு விடை வந்திருந்தால் நிரலைத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டாம். அட்டவணையில் எந்த வரியில் வலப்பக்கத்தை முடிக்காமல் இடப்பக்கத்துக்குப் போனீர்கள் என்று தேடுங்கள். அதன்பின் கடந்தகால வினாத்தாள்களில் வெளியீடு கேட்கும் வினாக்களை எடுத்து, ஒவ்வொன்றையும் இதே அட்டவணை முறையில் செய்யுங்கள். அடுத்த அத்தியாயத்தில் வரும் மடக்குகளுக்கு இந்தப் பழக்கம் இல்லாமல் போகாதீர்கள்.